மஞ்சள் நதியின் வடகரையில்

சில ஊர்கள் தங்கள் அளவுக்கு மிஞ்சிய கீர்த்தியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சீன தேசத்தின் ஹெனான் மாகாணத்தில், வென் ஜில்லாவைச் சேர்ந்த சென்ஜியாகோ என்னும் கிராமம் அத்தகைய ஊர்களுள் ஒன்று. பெயரைத் தமிழாக்கினால் 'சென் குடும்பத்தார் பள்ளம்' என்று வரும். மழைநீர் மெல்லிய மண்ணை அறுத்து ஓடியதால் உண்டான பள்ளங்கள் அந்தப் பிரதேசத்தில் மிகுதி. கண்ணைப் பறிக்கும் அரண்மனையோ, மனத்தைக் கவரும் மலைச் சிகரமோ அங்கே கிடையாது. ஆயினும், உலகத்தின் பற்பல நகரங்களில் விடியற்காலையில் பூங்காக்களில் நின்றுகொண்டு, நீரில் நீந்துவதுபோலக் கைகளை மெல்ல மெல்ல அசைக்கும் லட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும், அறிந்தோ அறியாமலோ அந்த ஊருக்குக் கடன்பட்டவர்களே. டாய் சி என்று சுருக்கமாக வழங்கும் டாய் சி சுவான் என்ற வித்தை அங்கிருந்துதான் வெளியே பரவிற்று என்பது சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோர் துணிபு. 2020-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த வித்தையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது.

அந்த ஊரின் அழகை வர்ணிப்பதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. வெகு நாட்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வியே என்னை அங்கே இழுத்துச் சென்றது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிப்பது என் தொழில். நெம்புகோலின் விதியை ஓர் எழுத்துத் தவறாமல் ஒப்பிக்கும் மாணவன், தெருவில் கிடக்கும் ஒரு கல்லைப் பெயர்க்க வழி தெரியாமல் விழிப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த விதியைக் காதால்கூடக் கேட்டிராத கூலியாள், கடப்பாரையைச் சரியான இடத்தில் வைத்து, அதே கல்லை ஒரே மூச்சில் புரட்டித் தள்ளுவதையும் கண்டிருக்கிறேன். அப்படியானால் நான் வருஷம் முழுவதும் கற்பிக்கும் விதிகளால் ஆகும் பயன்தான் என்ன? வித்தைக்குத் தத்துவம் துணையா, அல்லது வெறும் சுமையா? இந்த வழக்கு டாய் சி பயில்வோரிடையே வெகு காலமாக நடந்து வருகிறது. உடலில் விசை எவ்வாறு பிறக்கிறது, எவ்வழியே செல்கிறது, எங்கே விடுபடுகிறது என்பதைப் பற்றி அவர்களைப்போல எழுதிக் குவித்தவர்கள் வேறு எந்த மல்வித்தையிலாவது உண்டா என்பது சந்தேகமே. அவ்வளவு எழுத்தும் பயிற்சிக்கு உதவுகிறதா என்பதே கேள்வி.

வழியும் ஊரும்

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால், ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஜெங்ஜோ நகரத்தைச் சில மணி நேரத்தில் அடைந்துவிடலாம். அங்கிருந்து மேற்கே சாலை வழியாகச் செல்ல வேண்டும். நடுவில் மஞ்சள் நதி குறுக்கிடுகிறது. பெயருக்கு ஏற்ற நிறம். நதி என்பதைவிடக் கரைத்துவிட்ட களிமண் என்றே சொல்லத் தோன்றும். கீழ்ப்பிரதேசத்தில் இந்நதி தன் வண்டலைத் தானே படிய விட்டு, தன் படுகையைச் சுற்றுப்புற வயல்களைக் காட்டிலும் உயர்த்திக்கொண்டிருக்கிறது. கரைகளைக் கட்டிக் காத்தாலொழிய அங்கே குடித்தனம் இல்லை. நதிக்குத் தெற்கே, தூரத்தில், ஷாவோலின் மடாலயம் இருக்கும் சோங் மலைத் தொடர். நதியைக் கடந்தால் வென் ஜில்லாவின் சமவெளி.

நான் சென்றது அறுவடைக் காலம். அந்த ஜில்லா ஒரு வகைக் கிழங்குக்குப் பேர்போனது. 'இரும்புக் கம்பிக் கிழங்கு' என்று அதற்குப் பெயர். நம் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் விரல் பருமனில் நீண்டு, பூமிக்குள் நேராக இறங்கி வளர்வது. உடையாமல் எடுப்பதற்காகக் குடியானவர்கள் வரிசை வரிசையாக ஆழமான குழி வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி, ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் கிழங்கு பாதியில் முறிந்துபோகும். பின்னால் நான் கேட்கப்போகும் தர்க்கத்துக்கு அந்தக் காட்சியே ஒரு முகவுரையாக அமைந்தது.

கிராமத்துக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் பயிற்சிக் கூடங்கள். ஒரே மாதிரிச் சட்டை அணிந்த சிறுவர் சிறுமியர் அணிவகுத்துச் செல்கிறார்கள். சென் குடும்பத்தாரின் மூதாதையர் மண்டபம் ஒருபுறம். டாய் சிக்கென்றே கட்டிய பொருட்காட்சிசாலை ஒருபுறம். ஊரின் கீர்த்தி ஊருக்குச் சோறு போடத் தொடங்கிவிட்டது என்பது பார்த்தவுடனே விளங்குகிறது. ஆனால் பெரிய கூடங்களைத் தாண்டிச் சந்துகளில் நடந்தால், வீட்டு முற்றங்களில் நாலைந்து பேர் மட்டும் பயிலும் பழைய வழக்கம் இன்னும் இருப்பதைக் காணலாம்.

கலப்பையும் எழுதுகோலும்

இந்த வித்தையின் சரித்திரத்தைச் சிறிது சொன்னால்தான் வழக்கின் தன்மை புலனாகும். 14-ஆம் நூற்றாண்டில் ஷான்ஸி மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய சென் பூ என்பவர் குடும்பத்தின் மூலபுருஷர். அவர் வழியில் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய சென் வாங்டிங் என்னும் போர்வீரர், 1644-ல் மிங் அரச வமிசம் வீழ்ந்தபின் ஊரோடு ஒதுங்கியிருந்து இந்த முறையை வகுத்தார் என்பர். தலைமுறை தலைமுறையாக அது குடும்பச் சொத்தாகவே இருந்தது. சென் சாங்ஷிங் (1771–1853) காலத்தில்தான், ஹெபெய் மாகாணத்து யோங்நியனைச் சேர்ந்த யாங் லுசான் (1799–1872) என்ற வெளியூரார் அங்கே தங்கிப் பயின்று, பின்னர் தலைநகருக்குச் சென்று கற்பித்தார். இன்று உலகில் மிகுதியாக வழங்கும் யாங் முறை அவர் வழி வந்தது.

இதுவரை வந்தவர்கள் உழவர்களும் வீரர்களும். இனி வருபவர்கள் படித்தவர்கள். அதே யோங்நியன் ஊரில் பிறந்த வூ யூஷியாங் (1812–1880) கல்விமான்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர். யாங் லுசானிடம் முதலில் கற்று, பிறகு சென்ஜியாகோவுக்குப் பக்கத்து ஊரான ஜாவோபாவில் சென் சிங்பிங் என்பவரிடமும் கற்றார். அவருடைய தமையனார் வூயாங் என்ற இடத்தில் அதிகாரியாக இருந்தபோது, ஓர் உப்புக் கடையில் பழைய கைப்பிரதி ஒன்று அகப்பட்டதென்றும், வாங் சோங்யுவே என்பவர் பெயரில் இருந்த அதிலேதான் டாய் சியின் தத்துவம் சுருக்கமாகச் சொல்லப்பட்டிருந்ததென்றும் ஒரு வரலாறு உண்டு. உப்புக் கடையில் கிடைத்ததா, வூ குடும்பத்தார் எழுதுகோலிலேயே பிறந்ததா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியாயினும், கைகளால் பழகியவர்கள் ஒரு சாரார், அதை எழுத்தாக்கியவர்கள் மற்றொரு சாரார் என்ற பிரிவு அன்றே தொடங்கிவிட்டது.

அந்த எழுத்துக்களில் விசை எட்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'பெங்' என்பது காற்றடைத்த பந்துபோல விரிந்து தாங்குவது. 'லூ' என்பது வரும் விசைக்கு இடங்கொடுத்துப் பின்னே வாங்குவது. 'ஜி' நெருக்கித் தள்ளுவது, 'ஆன்' அழுத்துவது. இன்னும் பறித்து இழுத்தல், பிளந்து திருப்புதல், முழங்கையால் தாக்குதல், தோளால் மோதுதல் என நான்கு. இந்த எட்டும் சீனரின் எட்டுத் திசைக் குறிகளோடும், முன், பின், இடம், வலம், நடு என்ற ஐந்து நிலைகள் பஞ்ச மூலங்களோடும் பொருத்தப்பட்டுள்ளன. அதோடு, 'லீ' என்றால் முரட்டுப் பலம். 'ஜின்' என்றால் பயின்று பண்பட்ட விசை என்று இரு வேறு சொற்கள். இவையெல்லாம் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றன. முற்றத்தில் நிற்பவனுக்கு இவை என்ன செய்யும்?

முற்றத்தில் ஒரு வழக்கு

நான் சில நாட்கள் சென்று பார்த்த முற்றத்தில் ஆசிரியர் அறுபது வயதைக் கடந்தவர். சீடர்கள் அவரை 'ஷிஃபு' என்று அழைத்தார்கள். குரு, தந்தை என்ற இரண்டு பொருளும் அச்சொல்லில் உண்டு. சீடர்களில் ஷாங்காயிலிருந்து வந்த எஞ்சினீயர் ஒருவர்; உள்ளூர்க் குடியானவ வாலிபன் ஒருவன்; ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர்; இன்னும் இருவர் மூவர். ஜெங்ஜோவில் கல்லூரியில் படிக்கும் பெண்ணொருத்தி எனக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

'தள்ளும் கை' என்னும் பயிற்சி அங்கே முக்கியமானது. இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்துக்கொண்டு வட்டமாகச் சுழற்றுகிறார்கள். ஒருவர் மற்றவரை நிலைபெயரச் செய்ய வேண்டும். அடியில்லை, உதையில்லை. பார்ப்பதற்கு இரண்டு பேர் திருகை அரைப்பதுபோல் இருக்கும். திடீரென்று ஒருவர் தடுமாறிப் பின்னால் நாலடி போய் நிற்பார். ஏன் போனார் என்பது அவருக்கே தெரியாது.

எஞ்சினீயர் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் படங்களும் அம்புக் குறிகளும் நிறைந்திருந்தன. அவர் சொன்ன கணக்கை நானும் சரிபார்த்தேன். வாசகர்களும் பார்க்கலாம்; நாலாம் பாரத்துக் கணக்குத்தான்.

60 கிலோ எடையுள்ள ஒருவன் கால்களைச் சேர்த்துச் சிலைபோல விறைத்து நிற்கிறான். அவன் எடை செங்குத்தாக இறங்கும் கோட்டுக்கும் பாதத்தின் விளிம்புக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில், மார்பில், அவனைத் தள்ளுகிறோம். 60-ஐப் பத்தால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 5. ஐந்து கிலோ தள்ளு போதும். அவன் சாயத் தொடங்குவான். இப்போது ஒரு காலைப் பின்னே 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, எடையை நடுவில் வைத்து நிற்கட்டும். பின்காலுக்கு 30 சென்டிமீட்டர். அவனைப் பின்னே சாய்க்க 15 கிலோ வேண்டும். இன்னும் பலமாக எதிர்க்க வேண்டுமென்று அவன் எடையை முன்னே சாய்த்துப் பின்காலுக்கு 50 சென்டிமீட்டர் ஆக்கிக்கொண்டால், 25 கிலோவைத் தாங்குவான். ஆனால் முன்பக்கத்தில் மீதி எவ்வளவு? பத்தே சென்டிமீட்டர். எதிரி தள்ளுவதை விட்டுவிட்டு, 5 கிலோ பலத்தால் முன்னே இழுத்தால் போதும், அவன் கவிழ்வான். இருபத்தைந்து கிலோவை எதிர்த்து நிற்க அவன் செய்துகொண்ட ஏற்பாடே ஐந்து கிலோவுக்கு அவனைப் பலியாக்குகிறது! சிறு விசை பெரும் விசையை வெல்லும் என்று பழைய ஏடுகள் பெருமையாகப் பேசுவதில் மாயம் ஒன்றுமில்லை. எடை எந்த விளிம்பை நெருங்கி நிற்கிறதோ அந்தப் பக்கம் மனிதன் ஏழை; அவ்வளவே.

தரையின் உராய்வும் இப்படியே. 60 கிலோ எடை தரையை அழுத்தும்போது பாதம் 30 கிலோ வரை வழுக்காமல் தாங்குமென்றால், எதிரி சற்று மேல்நோக்கித் தள்ளி 20 கிலோ எடையைத் தூக்கிக்கொண்ட மாத்திரத்தில் அந்த எல்லை 20 கிலோவாகக் குறைந்துவிடும். வேரைப் பறிப்பது என்று சீனர்கள் சொல்வது இதைத்தான்.

எஞ்சினீயர் இவற்றையெல்லாம் மிகத் தெளிவாக விளக்கினார். ஆசிரியர் தலையை அசைத்து முழுதும் கேட்டார். பிறகு, "எஞ்சினீயர் ஐயா, கணக்கு நன்றாயிருக்கிறது. இப்போது கையைக் கொடுங்கள்" என்றார். இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சினீயர் மதில் ஓரம் போய் நின்றார். அடுத்து அவரைக் குடியானவ வாலிபனோடு விட்டார். நோட்டுப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்த்திராத அந்தப் பையனும் அவரை மதிலுக்கே அனுப்பினான்.

"தம்பி, நீ என்ன செய்தாய்? சொல்" என்று ஆசிரியர் கேட்டார்.

பையன் வெட்கத்தோடு, "அவர் வந்தார், ஷிஃபு. நான் வழிவிட்டேன்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கு தீர்ந்துவிட்டதுபோலவே தோன்றிற்று.

தத்துவத்தின்மேல் குற்றச்சாட்டு

தத்துவம் வேண்டாம் என்பவர்களின் கட்சி எளிதில் தள்ளத் தக்கதன்று. கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் செல்கிறது. தொடு உணர்ச்சி அதைவிடச் சற்று விரைவானது. இந்த இடைவெளியில் பெருக்கவும் வகுக்கவும் யாருக்கு அவகாசம் இருக்கிறது? அதனால்தான் டாய் சியில் கையை ஒட்டவைத்தே பழகுகிறார்கள். எதிரியின் விசையைத் தோலால் 'கேட்பது' என்று அதற்குப் பெயர். கேட்கும் காது நடுவிலே தானே பேச ஆரம்பித்தால் கேள்வி கெட்டுப்போகும்.

விஞ்ஞானிகளும் இதற்குச் சாட்சி கூறுகிறார்கள். 1998-ல் காப்ரியல் வுல்ஃப் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பனிச்சறுக்குப் பயிற்சிக்கான ஒரு யந்திரத்தின்மீது சிலரை நிறுத்தி, ஒரு பகுதியாரைத் தங்கள் பாதத்தின்மேல் கவனம் வைக்கச் சொன்னார்கள். மற்றொரு பகுதியாரை, பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களின்மேல் கவனம் வைக்கச் சொன்னார்கள். சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். தன் உடம்பின் உறுப்புகளையே எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு உடம்பு ஒத்துழைப்பதில்லை.

இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. வாயால் பேசும் தத்துவம் ஏமாற்றுக்கும் இடங்கொடுக்கும். சீடர்கள் தொட்ட மாத்திரத்தில் பறந்து விழ, குரு புன்னகை செய்யும் காட்சிகள் சீனாவில் மிகுந்துவிட்டன. 2017-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் செங்தூ நகரத்தில், ஷூ ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர், டாய் சி ஆசிரியர் ஒருவரோடு பொருதினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆசிரியர் தரையில் கிடந்தார். தேசமெங்கும் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. எதிர்க்காத சீடன்மேல் மட்டும் சோதித்த கொள்கை எதிர்க்கும் மனிதன்முன் நிற்காது என்பதை அன்று கோடிக்கணக்கானவர்கள் கண்டார்கள்.

மறுபக்கம்

ஆயினும் நான் அந்த முற்றத்திற்கு மறுநாளும் சென்றேன். அன்று ஆலைத் தொழிலாளியான மூதாட்டி பயிற்சிக்கு வந்து, ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி. ஒரு மாதமாக இருப்பதாகவும், இனி ஊருக்குத் திரும்பிவிடப் போவதாகவும் சொன்னார். வாலிபன் அவர் எதிரே நின்று, "இப்படி, பாட்டி" என்று ஒரு நிலையைச் செய்து காட்டினான். அவனுக்கு அது மலர் விரிவதுபோல வந்தது. பாட்டியும் செய்தார், வலி கூடியது. வாலிபன் மறுபடியும், "இப்படி" என்றான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் வேறு வார்த்தை இல்லை.

எஞ்சினீயர் எழுந்து வந்து பாட்டியின் காலருகே குந்தினார். முழங்கால் கதவின் கீல்போல மடங்கி நிமிரத் தக்கது. முறுக்கைத் தாங்க ஏற்பட்டதன்று. திரும்ப வேண்டிய வேலை இடுப்பு மூட்டினுடையது. பாட்டியின் இடுப்பு வயதினால் இறுகியிருந்தபடியால், உடல் திரும்பும்போது முழங்கால் உட்பக்கமாகச் சரிந்து, பாதம் காட்டும் திசையை விட்டு விலகிவிடுகிறது. எடை முழுவதும் முறுக்காக அந்த மூட்டில் விழுகிறது. அவர் பாட்டியின் பாதத்தைச் சற்று வெளியே திருப்பி வைத்தார். நிலையின் நீளத்தைக் குறைத்தார். முழங்கால் எப்போதும் பாதவிரல்களின் திசையையே நோக்கட்டும் என்றார். பாட்டி எழுந்து மெல்லத் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒரு முறை திரும்பினார். அவர் முகத்தில் தோன்றிய மாறுதலை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு எஞ்சினீயரை நோக்கி, "அந்தப் படத்தை என் பையன்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்" என்றார்.

வாலிபனின் வித்தை அவன் உடம்புக்குள் குடியிருக்கிறது. தன்னைப்போன்ற உடம்பு கிடைத்தால் அவன் அதை அப்படியே இறக்கிவைக்கலாம். வேறுபட்ட உடம்பு வந்து நின்றால் அவனுக்கு வழியில்லை. தத்துவம் அறிந்தவனோ, நிலையின் வெளித்தோற்றத்தை விட்டுக்கொடுத்து அதன் காரணத்தைக் காப்பாற்றுகிறான்.

இதைத்தான் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் சார்லஸ் ஜட் 1908-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை காட்டிற்று. நீருக்குள் இருக்கும் குறியை நோக்கிச் சிறு அம்புகளை எறியப் பள்ளிச் சிறுவர்களைப் பழக்கினார். நீரில் ஒளி வளைவதால் குறி வேறிடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஒரு பகுதிச் சிறுவர்களுக்கு ஒளி வளையும் விதியைக் கற்பித்தார், மற்றவர்களுக்குக் கற்பிக்கவில்லை. குறி 12 அங்குல ஆழத்தில் இருந்தபோது இரு பகுதியாரும் ஒன்றுபோலவே எறிந்தார்கள். விதி தெரிந்தவர்களுக்கு யாதொரு லாபமும் இல்லை. பிறகு குறியை 4 அங்குல ஆழத்துக்கு உயர்த்தினார். விதி தெரியாதவர்கள் குழம்பிப்போனார்கள். தெரிந்தவர்கள் விரைவில் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். பழகிய குறியை அடிக்கக் கை போதும். குறி இடம் மாறினால்தான் தத்துவத்தின் அருமை தெரிகிறது.

டாய் சியின் சரித்திரத்திலேயே குறி இடம் மாறிய காலங்கள் உண்டு. சென் குடும்பத்தில் பிறந்த சென் ஷின் (1849–1929) என்பவரை அவருடைய தந்தையார் ஏடு படிக்கப் போகச் சொன்னார். வித்தையில் முழுத் தேர்ச்சி பெறும் பாக்கியம் தமையனாருக்கே கிடைத்தது. படித்த தம்பி முதுமையில் பன்னிரண்டு வருஷம் உழைத்து, குடும்ப வித்தையைப் படங்களோடு விளக்கி ஒரு பெரிய நூல் எழுதினார். பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பதுபோல, வேகமாக இழுத்து அறுக்காமலும், தளரவிட்டுச் சிக்காமலும், உடம்பு முழுவதும் சுருளாக விசையைச் செலுத்தும் முறையை அவர் விரித்துரைத்தார். அச்சில் வந்தது 1933-ல். ஆசிரியர் அதைக் காண உயிரோடு இல்லை.

சென் ஜாவோபி (1893–1972) என்ற மற்றொருவர், வெளியூர்களில் கற்பித்துவிட்டு 1958-ல் கிராமத்துக்குத் திரும்பியபோது, பஞ்சத்தாலும் யுத்தத்தாலும் மூத்த தலைமுறை சிதறி, வித்தை அருகிக் கிடந்ததைக் கண்டார். வாலிபர்களைத் தம் வீட்டுக்கே அழைத்துக் கற்பித்தார். பின்னர் 1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் கொடுமைகளையும் அனுபவித்தார். இன்று உலகெங்கும் சென்று சென் முறையைக் கற்பிக்கும் புகழ்பெற்ற ஆசிரியர்கள் அவரிடம் அப்படிப் பயின்றவர்களே. ஒருவர் ஏட்டில் காத்தார். ஒருவர் உடம்பில் காத்தார். ஏடு மட்டும் இருந்தால் யாரும் நிற்கக் கற்றிருக்க மாட்டார்கள். சிதறாமல் எஞ்சிய ஓர் உடம்பும் இல்லாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

பட்டு இழுக்கும் உவமையைச் சற்று யோசிக்க வேண்டும். தோளை இப்படி வை, முழங்கையை அப்படி வை என்று அது சொல்லவில்லை. உடம்புக்கு வெளியே ஒரு பொருளை மனத்தில் நிறுத்துகிறது. வுல்ஃப் அம்மையார் சக்கரத்தின்மேல் கவனம் வைக்கச் சொன்னதும் இதே வழி. ஆகவே தத்துவத்தில் இரண்டு வகை உண்டு. முற்றத்தில் நிற்கும்போது உதவுவது உவமை. அது குறுகியது, கையோடு வருவது. கணக்கும் அம்புக் குறியும் முற்றத்துக்கு முன்னும் பின்னும் உதவுவன. அவை ஏன் விழுந்தோம் என்பதைச் சொல்லும், நாளைக்கு எதைப் பழகுவது என்பதைச் சொல்லும். எஞ்சினீயர் மதிலோரம் போனது கணக்குப் பொய்யாகியதால் நேர்ந்ததன்று. கணக்குக்கு உரிய நேரம் அதுவன்று.

கற்பிப்பவர்களுக்கோ கணக்கு இன்றியமையாதது. 2012-ல் அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பார்க்கின்சன் நடுக்க நோயுள்ள 195 பேரை வைத்து, 24 வாரங்கள், வாரத்துக்கு இரு முறை பயிற்சி அளித்த முடிவை வெளியிட்டார்கள். டாய் சி பயின்றவர்கள் மற்ற இரு பிரிவினரையும்விட உடலின் சமநிலையில் தேறினார்கள். வெறுமே தசைகளை நீட்டி மடக்கிப் பயின்றவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். அந்த நோயாளிகளுக்கு யாரும் தத்துவ உபந்நியாசம் செய்யவில்லை. ஆனால் பாடத்தை வகுத்தவர்கள், உடலின் எடை பாதங்களின் எல்லையை நோக்கி எவ்வளவு தூரம் பத்திரமாகச் செல்லலாம் என்பதை எண்ணியே அசைவுகளைத் தேர்ந்தார்கள். ஒரு கிழவர் நடு இரவில் எழுந்து நடக்கையில் இடுப்பெலும்பு முறியாமல் இருப்பதற்கு எங்கோ ஒருவர் போட்ட கணக்கு காரணமாயிருக்கலாம். அந்தக் கிழவருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஆகையால், தத்துவத்தை மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். முதலாவது, எதிர்க்கும் கையின் முன் அது நிற்கிறதா? இரண்டாவது, பழகாத உடம்புக்கு அது வழி காட்டுகிறதா? மூன்றாவது, வேலை நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அதற்குத் தெரிகிறதா? எட்டுத் திசைக் குறிகளோ, நியூட்டனின் விதிகளோ, எதுவாயினும் இம்மூன்றிலும் தேறினால் அதைப் பயிற்சிக்குத் துணையாக ஏற்கலாம். தேறாதது ஆயிரம் வருஷத்துப் பழமையுடையதானாலும், புதிய யந்திரங்களால் அளந்ததானாலும், அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும்.

இதை நம்புவதற்குச் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டில் கால்களைச் சேர்த்து நின்றுகொண்டு, பத்து வயதுப் பெண்ணை உங்கள் மார்பில் கைவைத்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். பின்பு ஒரு காலைப் பின்னே வைத்து நின்று பாருங்கள். பின்பு, அவள் தள்ளத் தள்ள நீங்கள் முன்னே சாய்ந்து எதிர்க்கும்போது, திடீரென்று கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். குழந்தை சிரித்து முடித்த பிறகு, காகிதமும் பென்சிலும் கொண்டுவரச் சொல்லி, ஏன் என்று அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.